ரசிகர் சொன்னால் சரியாக இருக்குமா?

1988-ல் ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஏறக்குறைய 50,000 கடிதங்கள் என்று சொல்லப்பட்டது. எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றுதான்: பேட்மேன் வேடத்துக்கு மைக்கேல் கீட்டன் வேண்டாம்.

கீட்டன் அப்போது சிரிப்பு நடிகர். ‘மிஸ்டர் மாம்’ படத்தில் வேலை பறிபோய் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவாக வந்து சிரிக்க வைத்தவர். அதே 1988-ல் வெளியான ‘பீட்டில்ஜூஸ்’ படத்தில் தலைவிரிகோலமாக ஆட்டம் போட்ட பேயும் அவர்தான். உயரம் சராசரி, உடம்பும் சராசரி. இயக்குநர் டிம் பர்டன் அதற்கு முன் எடுத்திருந்த முழுநீளப் படங்கள் இரண்டும் நகைச்சுவைப் படங்கள்.

ரசிகர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. 1966-ல் தொடங்கிய ஆடம் வெஸ்ட்டின் டி.வி. தொடர் பேட்மேனைக் கேலிக்கூத்தாக்கியிருந்தது. குத்து விழும்போதெல்லாம் திரையில் ‘பௌ’ என்று கொட்டை எழுத்து தெறிக்கும். இருபது வருடம் அந்தக் கிண்டலைச் சுமந்த காமிக்ஸ் வாசகர்களுக்கு 1986-ல்தான் விடிவு வந்தது. ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ புத்தகம் வயதான, கோபக்கார, இருள் அப்பிய ஒரு பேட்மேனைக் காட்டியது. இப்போதுதான் நம் ஆளுக்கு ஒரு கௌரவம் கிடைத்திருக்கிறது, மறுபடியும் கோமாளி வேஷம் கட்டிவிடுவார்களோ என்று அவர்கள் பதறினார்கள். பிரச்சினை ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையின் முதல் பக்கம் வரை போனது. நிறுவனம் அவசர அவசரமாக ஒரு டிரெய்லரை வெட்டித் தியேட்டர்களுக்கு அனுப்பியது.

1989 ஜூன் 23 அன்று படம் வந்தது. உலகம் முழுக்க 41 கோடி டாலருக்கு மேல் வசூல். கீட்டனின் அடங்கிய குரலும், முகமூடிக்குள்ளிருந்து பார்க்கும் அந்தக் கண்களும் ஒரு தலைமுறைக்கே பேட்மேன் ஆகிப்போயின. 2023-ல் ‘தி ஃபிளாஷ்’ படத்தில் எழுபது வயதைக் கடந்த கீட்டனை மறுபடி அந்த உடையில் நிறுத்தி, அதையே விளம்பரமாகவும் செய்தது அதே நிறுவனம்.

இதே கதை 2006-ல் திரும்ப நடந்தது. ‘தி டார்க் நைட்’ படத்தில் ஜோக்கர் வேடத்துக்கு ஹீத் லெட்ஜர் என்று அறிவித்ததும் கேலி கிளம்பியது. ‘10 திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ’வில் மைதானத்துப் படிக்கட்டில் பாட்டுப்பாடிக் காதலியைக் கவர்ந்த பையனா ஜோக்கர் என்று கேட்டார்கள். 2008 ஜனவரியில் லெட்ஜர் இறந்தார். படம் ஜூலையில் வந்தது. அடுத்த ஆண்டு சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை அவர் குடும்பத்தார் மேடையேறி வாங்கினார்கள். வில்லன் நடிப்புக்கு அளவுகோலாக இன்று உலகம் முழுவதும் அந்த ஜோக்கரைத்தான் காட்டுகிறார்கள்.

வுல்வரின் பாத்திரம் காமிக்ஸில் ஐந்தடி மூன்று அங்குலம். 2000-ல் ‘எக்ஸ்-மென்’ படத்துக்கு வந்த ஹியூ ஜாக்மேன் ஆறடிக்கு மேல். முதலில் ஒப்பந்தமான நடிகர் டக்ரே ஸ்காட் வேறொரு படத்தில் மாட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் பிடித்துப் போடப்பட்டவர் வேறு. இருபத்து நான்கு வருடம் கழித்தும் அந்த இரும்பு நகங்களை வேறொருவர் கையில் பார்க்க ரசிகர்களுக்கு மனம் வரவில்லை.

இந்தச் சம்பவங்களை வைத்து, ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் சும்மா கத்துவார்கள் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது அநியாயம். ஒரு நடிகரின் பெயர் மட்டும் தெரிந்திருக்கும்போது யாரிடம் கேட்டாலும் அவருடைய பழைய படங்களை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். டிம் பர்டனுக்கும் ‘தி டார்க் நைட்’ படத்தை இயக்கிய கிறிஸ்டோபர் நோலனுக்கும் மனக்கண்ணில் தெரிந்தது டிக்கெட் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. படம் பார்க்கும் முன் சொல்வதெல்லாம் ஊகம். அதே ரசிகர் படம் முடிந்து வாசலில் நின்று சொல்வது முற்றிலும் வேறு வகை. கண்ணால் கண்டதைச் சொல்லும் சாட்சி அது. சூப்பர் ஹீரோ படங்களின் வரலாற்றைப் புரட்டினால் அந்தச் சாட்சி பொய்த்த இடங்கள் மிகக் குறைவு.

பென் அஃப்லெக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2013-ல் அவரைப் பேட்மேனாக அறிவித்ததும் அவரை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வேட்டையே நடந்தது. 2016-ல் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ வந்ததும் பேச்சு திரும்பிவிட்டது. எதிர்த்தவர்களில் பலரே இப்போது அஃப்லெக் நன்றாகத்தான் செய்திருக்கிறார், கதைதான் கால் தடுக்கிவிட்டது என்றார்கள். பெரிய ஆரவாரத்தோடு திறந்த படம் இரண்டாவது வார இறுதியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 70 சதவீத வசூலை இழந்தது. நடிகரைப் பற்றிய ஊகம் தப்பிப்போனது. கதையைப் பற்றிச் சொன்னது பலித்தது.

கருத்துச் சொல்பவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொரு சிக்கல்.

பேட்மேனுக்கு ராபின் என்றொரு துணை உண்டு. 1980-களில் அந்த உடையில் இருந்தவன் ஜேசன் டாட் என்ற பையன். முரட்டுப் பிள்ளை, சொல் பேச்சுக் கேட்காதவன். வாசகர்களில் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆசிரியர் டெனிஸ் ஓநீல் ஒரு யோசனை செய்தார். 1988-ல் ‘எ டெத் இன் தி ஃபேமிலி’ கதையில் ஜோக்கர் அந்தப் பையனை இரும்புக் கம்பியால் அடித்து வெடிகுண்டோடு விட்டுவிட்டுப் போகிறான். இதழ் அங்கே நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு தொலைபேசி எண்கள்: ஒன்று பையன் பிழைக்க, இன்னொன்று சாக. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். 36 மணி நேரம் கெடு.

மொத்தம் 10,614 அழைப்புகள் வந்தன. பிழைக்கட்டும் என்றவை 5,271. சாகட்டும் என்றவை 5,343. 72 வாக்கில் ஒரு பிள்ளையின் கதை முடிந்தது. அடுத்த இதழில் சிதைந்த உடலைக் கையில் ஏந்தி பேட்மேன் நிற்கும் படத்தை ஜிம் அபாரோ வரைந்தார்.

வாக்குப் போட்டவை அழைப்புகள். ஆட்கள் எத்தனை பேர் என்று அதில் தெரியாது. ஒரே ஆள் கணினியை வைத்து ஓயாமல் அந்த எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று ஓநீலே பிற்பாடு சொன்னார். அது உண்மையானால் அந்த 72 வாக்கின் கதி என்ன? மாதாமாதம் அமைதியாக இதழை வாங்கிப் படித்துவிட்டு வைத்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்கள் போனை எடுக்கவே இல்லை. 2005-ல் ஜேசன் டாட் உயிரோடு திரும்பி வந்தபோது பெருவாரியான வாசகர்கள் அவனை ஏற்றுக்கொண்டார்கள். ரெட் ஹுட் என்ற பெயரில் இன்றும் அவன் வலம் வருகிறான்.

கூட்டமாகக் குரல் கொடுப்பவர்களும் வீட்டிலிருந்து சும்மா பார்ப்பவர்களும் வேறு வேறு என்பதற்கு ‘ஸ்டார் ட்ரெக்’கைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. இரண்டாவது சீசனோடு அந்தத் தொடரை என்.பி.சி. தொலைக்காட்சி நிறுத்தப்போகிறது என்ற செய்தி கசிந்ததும் ஜான் டிரிம்பிள், பீஜோ டிரிம்பிள் என்ற தம்பதி நாடு முழுக்கக் கடிதப் போராட்டம் நடத்தினார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. 1968 மார்ச்சில் தொடர் நிற்காது என்று ஒளிபரப்பிலேயே அறிவித்துப் பணிந்தது நிறுவனம். ஆனால் மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது. தொடரை விரும்பிய இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. 1969-ல் 79 எபிசோடுகளோடு கதை முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். உள்ளூர் டி.வி. நிலையங்கள் அந்த 79 எபிசோடுகளை மலிவாக வாங்கி மாலை நேரங்களில் மறுபடி மறுபடி ஓட்டின. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் வேலை முடிந்து வந்தவர்களும் பார்த்தார்கள். அதற்காக யாரும் கடிதம் எழுதவில்லை. ஊர்வலம் போகவில்லை. எழுபதுகளில் ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் ஒளிபரப்பில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிதானது. 1976-ல் நாஸா தன் முதல் விண்வெளி ஓடத்துக்குத் தொடரில் வரும் ‘என்டர்பிரைஸ்’ கப்பலின் பெயரை வைத்தது (இதற்கும் ரசிகர்களின் கடிதங்கள்தான் காரணம்). 1979-ல் முதல் திரைப்படம் வந்தது. கடிதம் எழுதியவர்கள் தொடருக்கு ஒரு வருட ஆயுள் வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் அதற்கு அரை நூற்றாண்டு ஆயுளைக் கொடுத்தார்கள்.

நம் காலத்தின் மிகப் பெரிய ரசிகர் போராட்டம் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்துக்காக நடந்தது. 2017 மே மாதம், மகளின் மரணத்துக்குப் பிறகு இயக்குநர் ஜாக் ஸ்னைடர் படத்திலிருந்து விலகினார். ஜாஸ் வீடன் வந்து பல காட்சிகளை மறுபடி எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, நவம்பரில் வெளியிட்டார்கள். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அந்த நேரத்தில் ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அந்தப் படத்தை எடுத்த பாரமவுண்ட், மீசையை எடுக்கக் கூடாது என்றது. ஆகவே மீசையோடு நடிக்க வைத்துப் பிறகு கிராபிக்ஸில் அழித்தார்கள். படத்தின் முதல் காட்சியிலேயே சூப்பர்மேன் கேமராவைப் பார்த்துப் பேசும்போது மேலுதடு மட்டும் வேறு யாருடையதோ போலப் பிசைந்துகொண்டு அசையும். சினிமாத் தொழில்நுட்பம் எதுவும் தெரியாத ஆள்கூட அதைப் பார்த்ததும் ஏதோ சரியில்லையே என்றார்.

இங்கே ரசிகர்கள் பார்த்துவிட்டுப் பேசினார்கள், சரியாகவே பேசினார்கள். இரண்டு பேர் எடுத்த இரண்டு படங்களை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஸ்னைடர் எடுத்ததை வெளியிடு என்று கேட்டார்கள். சான் டியாகோ காமிக்-கான் நடந்தபோது வானத்தில் விமானத்தின் பின்னால் பதாகை பறக்கவிட்டார்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டினார்கள். பெற்ற மகளை இழந்த இயக்குநருக்கு அவர்கள் சொன்ன ஆறுதல் அது. 2021 மார்ச் 18 அன்று நான்கு மணி நேரப் படம் எச்.பி.ஓ. மேக்ஸில் வெளியானது. அதை முடிக்க 7 கோடி டாலர் வரை செலவானதாகச் செய்திகள் சொல்லின.

நல்லவிதமாகத் தொடங்கிய அந்தக் கூட்டத்துக்குள் வேறொன்றும் நுழைந்துவிட்டது. நிறுவன அதிகாரிகளுக்கும், வேறு கருத்துச் சொன்னவர்களுக்கும் மிரட்டல்கள் போயின. வார்னர் நிறுவனம் ஏற்பாடு செய்த ஆய்வில், இதைப் பற்றிப் பேசிய சமூக ஊடகக் கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலி என்று தெரிந்ததாக 2022-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை எழுதியது. வழக்கமாக இது 3 முதல் 5 சதவீதம்தான் இருக்குமாம். உண்மையான அன்போடு நின்ற பல ஆயிரம் பேரின் பெயரையும் அந்தப் போலிகள் கெடுத்துவிட்டன. கணக்கில் தெரியும் கூட்டத்தில் யார் ஆள், யார் பொம்மை என்று தெரியாதபோது எந்த நிறுவனம் எதை நம்பும்?

2019-ல் ‘கேப்டன் மார்வெல்’ படத்துக்கு நடந்தது இதைவிட மோசம். படம் வெளிவரும் முன்பே, கதாநாயகி மேல் இருந்த காழ்ப்பில் ‘ராட்டன் டொமாட்டோஸ்’ என்ற விமர்சனத் தளத்தில் ஒரு கூட்டம் எதிர்க் கருத்துகளைக் கொட்டியது. படம் வருவதற்கு முன் யாரும் கருத்து எழுத முடியாதபடி அந்தத் தளம் விதியையே மாற்றியது. டிக்கெட் வாங்கியதை உறுதிசெய்தவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டும் முறையும் அதே ஆண்டில் வந்தது. படம் 113 கோடி டாலர் வசூலித்தது. வெறுப்பை விதைத்தவர்கள் சாதாரணப் பார்வையாளரின் பிரதிநிதிகள் அல்ல என்பதற்கு இந்தத் தொகையைவிட வேறென்ன சான்று வேண்டும்?

சாதாரணப் பார்வையாளர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. 1978-ல் எட் மின்ட்ஸ் என்பவர் ‘தி சீப் டிடெக்டிவ்’ என்ற படத்துக்குப் போனார். விமர்சகர்கள் பாராட்டியிருந்தார்கள். அவருக்கோ பெருத்த ஏமாற்றம். வெளியே வரும்போது பக்கத்தில் வந்த இன்னொருவரும், விமர்சகர் சொல்வது இருக்கட்டும், நம்மைப் போன்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால் தேவலை என்று அலுத்துக்கொண்டார். மின்ட்ஸ் யூதர். யோம் கிப்பூர் நோன்பு நாளில் அவர்கள் பேனா பிடித்து எழுதக் கூடாது. ஆகவே கோயிலில் காணிக்கை அட்டையின் ஓரத்தில் தொகை அச்சிட்ட சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கும். தர நினைக்கும் தொகையை மடித்தால் போதும். அதைப் பார்த்ததும் மின்ட்ஸுக்குப் பொறி தட்டியது. இப்படித்தான் ‘சினிமாஸ்கோர்’ பிறந்தது.

முதல் நாள் இரவு, அமெரிக்காவிலும் கனடாவிலும் தேர்ந்தெடுத்த சில தியேட்டர்களில் டிக்கெட்டோடு வருபவர் கையில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். படம் முடிந்ததும் வயது என்ன, ஆணா பெண்ணா, எதற்காக வந்தீர்கள், என்ன மார்க் தருவீர்கள் என்ற கேள்விகளுக்கு மடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இரண்டு வரி எழுதக்கூட வேண்டாம். மற்றவர் என்ன சொன்னார் என்று தெரியாது, யாரையும் கவர வேண்டியதில்லை, சண்டைக்கும் யாரும் வரமாட்டார்கள். ரசிகர் கருத்தை அறிய இதைவிட நேர்மையான முறை இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முதல் நாளே ஓடி வருபவர் ஏற்கெனவே ஆசையோடு வருபவர். அதனால் மார்க் தாராளமாகத்தான் விழும். சூப்பர் ஹீரோ படத்துக்கு ‘ஏ’ என்றால் பிடித்திருக்கிறது. ‘பி’ என்றால் ஏமாற்றம். ‘அவெஞ்சர்ஸ்’, ‘பிளாக் பாந்தர்’, ‘எண்ட்கேம்’ மூன்றும் ‘ஏ பிளஸ்’. 2024-ல் வந்த ‘ஜோக்கர்’ இரண்டாம் பாகத்துக்கு மக்கள் ‘டி’ போட்டார்கள். முதல் பாகம் 100 கோடி டாலரைத் தாண்டிய படம். இரண்டாம் பாகம் அதில் கால் பங்கைக்கூடத் தொடவில்லை.

மார்வெல் நிறுவனம் தடுமாறத் தொடங்கியதை கணக்கர்களுக்கு முன்பே இந்த அட்டைகள் சொல்லின. 2008-ன் ‘அயர்ன் மேன்’ தொடங்கி 2019-ன் ‘எண்ட்கேம்’ வரை பதினோரு வருடத்தில் 22 படங்கள். ‘எண்ட்கேம்’ 279 கோடி டாலரை அள்ளியது. அடுத்து டிஸ்னி தன் ஓ.டி.டி. தளத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 2021, 2022 ஆகிய இரண்டே வருடத்தில் 7 படங்கள், 8 தொடர்கள் வந்து விழுந்தன.

விளைவை ஒரு காட்சியில் பார்க்கலாம். 2022-ன் இரண்டாம் ‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்’ படம். ‘எண்ட்கேம்’ வரை நல்லவர்கள் பக்கம் நின்ற வாண்டா இதில் கொலைகார வில்லி. பிள்ளைகள் வேண்டும், பிள்ளைகள் வேண்டும் என்று உலகம் உலகமாகத் துரத்துகிறாள். எந்தப் பிள்ளைகள்? அதைத் தெரிந்துகொள்ள ‘வாண்டாவிஷன்’ தொடரின் 9 எபிசோடுகளைப் பார்த்திருக்க வேண்டும். வார இறுதியில் குடும்பத்தோடு தியேட்டருக்கு வந்தவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய நிலை. அடுத்த ஆண்டு ‘தி மார்வெல்ஸ்’ படத்தில் மூன்று கதாநாயகிகள். ஒருத்தியைத் தெரியும். இன்னொருத்திக்குச் சக்தி எப்படி வந்தது என்பது ஒரு தொடரில் இருக்கிறது. மூன்றாமவளின் கதையோ இன்னொரு தொடர். உலகம் முழுவதும் ரசிகர்கள் இதற்கு ஒரே பெயர்தான் வைத்தார்கள்: ஹோம்வொர்க். காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் இடத்தில் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வா என்றால் யார் வருவார்கள்?

2021-ன் ‘எடர்னல்ஸ்’ படத்துக்கு ‘பி’ விழுந்தது. மார்வெல் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு குறைந்த மார்க் விழுந்ததில்லை. 2023 பிப்ரவரியில் மூன்றாம் ‘ஆன்ட்-மேன்’ படத்துக்கும் ‘பி’; இரண்டாவது வாரத்தில் வசூல் ஏறக்குறைய 70 சதவீதம் சரிந்தது. நவம்பரில் ‘தி மார்வெல்ஸ்’ படத்துக்கும் அதே ‘பி’. முதல் பாகமான ‘கேப்டன் மார்வெல்’ படத்துக்கு 113 கோடி டாலர் தந்த மக்கள் இதற்குத் தந்தது சுமார் 20 கோடிதான். நடிகர்கள் சங்க வேலைநிறுத்தத்தால் படத்துக்கு விளம்பரம் செய்ய முடியாமல் போனதும் உண்மை. ஆனால் இரண்டு வருடமாக விழுந்த ‘பி’க்களை யாரும் படிக்கவில்லை என்பதுதான் பெரிய உண்மை. தொடர்களைப் பெருக்கியது கவனத்தைச் சிதறடித்துவிட்டது என்று டிஸ்னியின் தலைவர் பாப் ஐகர் ஒப்புக்கொள்ள 2023 நடுப்பகுதி ஆகிவிட்டது. வருடத்துக்கு அதிகபட்சம் மூன்று படங்கள், இரண்டு தொடர்கள் என்று அடுத்த ஆண்டில் அளவு போட்டார்.

2024-ல் வந்த ஒரே மார்வெல் ஸ்டூடியோஸ் படம் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’. அதில் ஹியூ ஜாக்மேன் முதன்முறையாகக் காமிக்ஸில் உள்ளபடி மஞ்சள் உடையோடு வந்தார். 2000-ல் வந்த முதல் படத்தில் அந்த மஞ்சள் உடையை ஒரு வசனத்தில் கேலி செய்துவிட்டுக் கறுப்புத் தோல் உடை மாட்டியிருந்தார்கள். அப்போதிலிருந்து ரசிகர்கள் கேட்டுவந்த உடை அது. படம் 133 கோடி டாலர்.

பார்த்த மாத்திரத்தில் கண்ணும் காதும் சொல்லும் தீர்ப்புக்கு இரண்டு உதாரணங்களைச் சொல்லியாக வேண்டும்.

2019 ஏப்ரல் கடைசியில் ‘சோனிக்’ படத்தின் டிரெய்லர் வந்தது. வீடியோ கேமில் உருண்டைக் கண்ணும் வெள்ளைக் கையுறையுமாக ஓடும் நீல முள்ளெலிக்கு, இதில் மனிதப் பல் வரிசையும் ஒல்லிக் கால்களும் சின்னக் கண்களும். குழந்தைகள் மிரண்டுபோகும் உருவம். இரண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர், மாற்றிவிடுகிறோம் என்று அறிவித்தார். வெளியீடு நவம்பரிலிருந்து அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. சோனிக் விளையாட்டுகளுக்கும் காமிக்ஸுக்கும் வரைந்த டைசன் ஹெஸ்ஸை அழைத்து உருவத்தைத் திருத்தினார்கள். படம் ஜெயித்தது, இரண்டாம் மூன்றாம் பாகங்களும் வந்தன. அந்த வெற்றிக்குப் பின்னால் மறக்கக் கூடாத ஒரு கூட்டம் உண்டு. எடுத்த ஷாட்டுகளில் மறுபடியும் சோனிக்கைப் பொருத்தியவர்கள் கிராபிக்ஸ் கலைஞர்கள். அந்த வேலையில் பங்குகொண்ட எம்.பி.சி. நிறுவனத்தின் வான்கூவர் ஸ்டூடியோ 2019 டிசம்பரில், படம் வெளிவரும் முன்பே, மூடப்பட்டது. காரணம் வெளிச்சந்தை நெருக்கடி என்றது நிறுவனம். ரசிகரின் குரலுக்குப் பணிவது நல்லதுதான். ஆனால் அந்தப் பணிவின் கூலியை இரவெல்லாம் விழித்திருந்து கட்டுபவர் யார் என்பதையும் ரசிகர் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-ல் மார்வெல் ஸ்டூடியோஸின் கிராபிக்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக வாக்களித்துச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

அதே 2019 ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் ஒரு தீர்ப்பு வந்தது. ‘எண்ட்கேம்’ தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. டப்பிங்கில் மார்வெல் படங்களைப் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகர்கள் டிரெய்லரைக் கேட்டதுமே மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு விஜய் சேதுபதியைப் பிடிக்கும். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் வாய் திறக்கும்போது விஜய் சேதுபதி தெரிவதுதான் பிடிக்கவில்லை. அதற்கு முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய டப்பிங் கலைஞரின் குரலே அவர்களுக்கு டோனி. முகம் காட்டாமல், போஸ்டரில் பெயர் வராமல் வேலை செய்த ஒரு கலைஞருக்கு ரசிகர்கள் தந்த மரியாதையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டும். படம் இந்தியாவில் அதுவரை எந்த ஹாலிவுட் படமும் காணாத வசூலைக் கண்டது. குரல் மாறியதற்காக யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. குறையைச் சொல்லிவிட்டும் படம் பார்க்கப் போகத்தான் செய்வார் சாதாரண ரசிகர்.

சில நேரம் நிறுவனங்கள் காது கொடுக்கின்றன. நெட்ஃபிளிக்ஸில் 2015 முதல் 2018 வரை வந்த ‘டேர்டெவில்’ தொடரின் இரண்டாவது எபிசோடில் ஒரு நடைவழிச் சண்டை உண்டு. கடத்தப்பட்ட சிறுவனை மீட்க வரும் பார்வையற்ற வக்கீல், ஒரே ஷாட் போல நீளும் அந்தச் சண்டையில் அடிக்கிறார், அடிபடுகிறார், மூச்சு வாங்கிச் சுவரில் சாய்கிறார், மறுபடி எழுகிறார். சூப்பர் ஹீரோவுக்குக் களைப்பும் வரும் என்று காட்டிய அந்தச் சில நிமிடங்களுக்காகவே தொடரை விடாமல் பார்த்தவர்கள் ஏராளம். மூன்று சீசனோடு தொடர் ரத்தானது. ரசிகர்கள் விடவில்லை. 2021 டிசம்பரில் ‘ஸ்பைடர்-மேன் நோ வே ஹோம்’ படத்தில் ஜன்னலை உடைத்துக்கொண்டு வரும் செங்கல்லைத் திரும்பிப் பார்க்காமலே, அந்த வக்கீலாக நடித்த சார்லி காக்ஸ் பிடித்தபோது தியேட்டர்கள் அதிர்ந்தன.

டிஸ்னி புதிதாகத் தொடரை எடுக்கத் தொடங்கியபோது பழைய தோழர்களான ஃபாகியும் கேரனும் கதையில் இல்லை. 2023-ல் வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு நின்ற இடைவெளியில், எடுத்தவரை போட்டுப் பார்த்த நிறுவனம் எழுத்துத் தலைமையை மாற்றியது. கதையைத் திருத்தி அந்த இருவரையும் அழைத்து வந்தது. 2025 மார்ச்சில் ‘டேர்டெவில் பார்ன் அகெய்ன்’ வெளியானது. எந்தத் தொடரை மக்கள் உட்கார்ந்து பார்த்தார்களோ, அதில் அவர்களுக்குப் பிடித்தது எது என்பதைக் கவனித்ததால் நடந்த திருத்தம் இது.

ஆனால் போன நம்பிக்கை ஒரு நல்ல படத்தால் திரும்பிவிடுவதில்லை. 2025-ல் வந்த ‘தண்டர்போல்ட்ஸ்’ படத்துக்கும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்துக்கும் முதல் நாள் பார்வையாளர்கள் ‘ஏ மைனஸ்’ போட்டார்கள். பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. வசூலோ ஒன்றுக்கு சுமார் 38 கோடி டாலர், இன்னொன்றுக்கு சுமார் 52 கோடி. ‘எண்ட்கேம்’ காலத்தில் சுமாரான படமே தொட்ட எல்லைகளை நல்ல படங்கள் தொடவில்லை. முன்பு இரண்டு மூன்று முறை ஏமாந்தவர்கள், ஓ.டி.டி.யில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் முதல் நாள் அட்டையில் சிக்கமாட்டார்கள். அவர்கள் தியேட்டருக்கே வரவில்லையே.

அவர்களைத் திரும்ப அழைக்க மார்வெல் எடுத்திருக்கும் முடிவு 2024 ஜூலையில், சான் டியாகோவில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ‘அவெஞ்சர்ஸ்’ படமான ‘டூம்ஸ்டே’யில் ராபர்ட் டவுனி ஜூனியர் திரும்புகிறார், அயர்ன் மேனாக அல்ல, டாக்டர் டூம் என்ற வில்லனாக. 2026 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்ட அந்தப் படத்தைப் பற்றி மேடையில் முகமூடி கழன்ற நிமிடத்திலேயே விவாதம் தொடங்கிவிட்டது. இந்த முறை நடிகரின் தகுதியை யாரும் கேட்கவில்லை. அவரால் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ‘எண்ட்கேம்’ படத்தில் டோனி ஸ்டார்க் உயிரைக் கொடுத்ததைப் பார்த்து அழுதவர்கள் கேட்பது வேறு: அந்த மரணத்துக்கு இனி என்ன மதிப்பு?